மால்குவின் காது

ஆண்டுதோறும் பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, திருச்சபை உலக நோயாளர் நாளைக் கடைப்பிடிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-ஆம் ஆண்டு ஏற்படுத்திய நாள் அது. அன்று ஆலயத்தில் நோயுற்றோருக்கான மன்றாட்டு எழும்போதெல்லாம் எங்கள் குடும்பத்தார் தலை கவிழ்ந்து நிற்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ஓரிரவு, தந்தையாருக்குக் கடும் நெஞ்சுவலி கண்டது. உடன்பிறந்தோர் மூவரும் அவரை ஓர் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு சென்றோம். பணியிலிருந்த செவிலியர் இ.சி.ஜி. எடுத்தார், மாத்திரைகளை மென்று விழுங்கச் செய்தார், மருத்துவரிடம் காட்டிவிட்டு, "அப்பா அசையாமல் படுத்திருக்கட்டும்" என்று கூறி அடுத்த அறைக்கு விரைந்தார். பிறகு வரவில்லை. பத்து நிமிடம் சென்றது; இருபது நிமிடம் சென்றது. தந்தையார் முனகினார். "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூவினோம். பதில் இல்லை. கூவல் வசையாயிற்று. எங்களுள் ஒருவர் அவ்வறைக்குள் புகுந்து, அவரது கையைப் பற்றி முறுக்கி இழுத்தார். அது எவருடைய கை என்று எழுதுவதில் பயனில்லை. மூவரின் சினமும் அக்கையில் இருந்தது.

இழுத்த பின்னரே கண்டோம். கட்டிலில் பத்து வயதுச் சிறுவன் கிடந்தான். தரையில் உறங்கியவனைக் கட்டுவிரியன் தீண்டியிருந்தது. அந்நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்வது. மருத்துவர் ஊசிமருந்து செலுத்திக்கொண்டிருக்க, செவிலியர் முகமூடியோடு பொருத்திய பையைக் கையால் அழுத்தி அழுத்தி அவனுக்கு மூச்சூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கை நின்றால் அவன் மூச்சும் நிற்கும். நாங்கள் இழுத்ததில் பை நழுவிற்று. அவர் எங்களைத் திரும்பியும் பாராமல் மறுகையால் அதை எடுத்து மீண்டும் அழுத்தலானார். அந்தச் சில நொடிகளை இன்றளவும் எங்களால் மறக்க முடியவில்லை.

சிறுவன் பிழைத்தான், தந்தையாரும் பிழைத்தார். விடியற்காலையில் இரத்த அழுத்தம் பார்க்க வந்த அச்செவிலியரின் மணிக்கட்டு கன்றியிருந்தது. "அப்பாவுக்கு வலி குறைந்திருக்கிறதா?" என்று மட்டுமே கேட்டார். மன்னிப்புக் கேட்கும் துணிவு எங்கள் மூவருக்குமே வரவில்லை. சகோதரி என்று பொருள்படும் சொல்லால் அழைத்துக்கொண்டே அவர்மேல் கைவைத்திருந்தோம்.

மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. பிணையில் விட இயலாத அக்குற்றத்திற்கு மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை சிறை உண்டு. அவர் புகார் செய்யாததால் நாங்கள் தப்பினோம். ஆயினும் சட்டம் மட்டும் கைகளைத் தடுத்துவிடுவதில்லை. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியிலுள்ள அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் நோயுற்ற தாயொருவரின் மகன். அச்செய்தியைப் படித்தபோது, அவரை அந்நியராக எண்ண எங்களால் இயலவில்லை.

கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவியவர் பகைவர் அல்லர். ஆண்டவரை அன்பு செய்த பேதுருவே. அன்போடு அச்சமும் சேர்ந்து வாளாயிற்று. வெட்டுண்டவனோ தலைமைக் குருவின் பணியாளன் மால்கு. அன்றிரவு ஏவிய வேலைக்கு வந்தவன். ஆண்டவர் வாளை உறையிலிடச் சொன்னார். காதைத் தொட்டு நலமாக்கினார். தம்மேல் கொண்ட அன்பின் பெயரால் நிகழ்ந்த வன்செயலையும் அவர் ஏற்கவில்லை.

மருத்துவமனைகளில் கூட்டம் மிகுதி, ஆட்கள் குறைவு. நோயாளியின் நிலையை எடுத்துரைக்க எவருமில்லாத வேளைகள் உண்டு. இவை உண்மையான குறைகளே. அவற்றைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். ஆனால் அவசரப் பிரிவில் முந்தி வந்தவர்க்கு முதலிடம் இல்லை. உயிர் ஊசலாடுபவர்க்கே முதலிடம். நம்மவரை விட்டுச் செவிலியர் அகன்றால், அடுத்த கட்டிலில் வேறொருவரின் தந்தையோ மகனோ இருக்கக்கூடும் என்று ஒரு கணம் எண்ணுவோம். நோயாளியருகே ஒருவர் மட்டும் நின்று, ஏனையோர் வெளியே செபித்திருப்போம்.

அடுத்த பிப்ரவரி 11 அன்று நோயுற்றோருக்காக மன்றாடும்போது, இரவெல்லாம் விழித்திருந்து அவர்களைப் பேணுவோரையும் நினைவுகூர்வோம். அந்தச் செவிலியரின் பெயரை நாங்கள் கேட்டு வைக்கவில்லை. பெயரறியாத அவருக்காகவே எங்கள் வீட்டு இரவுச் செபத்தில் நாள்தோறும் ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லிவருகிறோம்.