விழித்திருக்கும் வாதுமை

குளிர்காலம் கழிந்தால் வசந்தம் வரும். துன்பம் கழிந்தால் இன்பம் வரும். பருவங்களைச் சான்றாகக் காட்டும் இந்த ஆறுதல் பிரசங்கங்களில் அடிக்கடி ஒலிக்கிறது. கேட்பதற்கு இதமானதுதான். ஆயினும் கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவருக்கு அது போதுவதில்லை. பருவங்கள் திரும்பி வரும், இழந்தவர் திரும்புவதில்லை. விவிலியம் பருவங்களின் வழியே கற்பிக்கும் நம்பிக்கை இதைவிடக் கடினமானது. எரேமியா நூலின் முதல் அதிகாரத்தில் அது ஒரு சொல்லாட்சிக்குள் அடங்கியிருக்கிறது.

இறைவாக்கினராக அழைக்கப்பட்ட இளம் எரேமியா ஒரு வாதுமைக் கிளையைக் காண்கிறார். தம் வார்த்தையை நிறைவேற்ற விழித்திருப்பதாக இறைவன் மறுமொழி தருகிறார். தமிழில் வாசிப்பவருக்கு வாதுமைக்கும் விழிப்புக்கும் உள்ள உறவு விளங்காது. எபிரேயத்தில் வாதுமை ‘ஷாகேத்’, விழித்திருப்பவர் ‘ஷோகேத்’. மூன்று மெய்களும் ஒன்றே. ஓர் உயிரொலி மட்டும் மாறுகிறது. மொழிபெயர்ப்பில் பொருள் வந்து சேர்ந்தது. ஒலியின் உறவு அங்கேயே தங்கிவிட்டது.

அந்த உறவை உண்டாக்கியது அந்நாட்டின் பருவமே. எருசலேமைச் சுற்றிய மலைநாட்டில் மழையும் குளிரும் நீங்காத சனவரி, பிப்ரவரி மாதங்களிலேயே, இலை துளிர்க்கும் முன்பே, வாதுமை பூத்துவிடுகிறது. பிற மரங்கள் உறங்கும்போது அது விழித்துக்கொள்கிறது. குளிர் முடிந்துவிட்டது என்று அந்தப் பூ சொல்வதில்லை. குளிருக்குள்ளேயே ஒருவர் விழித்திருக்கிறார் என்று மட்டுமே சொல்கிறது.

எரேமியாவுக்கும் வசந்தம் உடனே வரவில்லை. அவர் கண்ட அடுத்த காட்சி, வடதிசையிலிருந்து சாயும் கொதிபானை. ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த அவர், தம் ஊராகிய ஆனதோத்தில் 17 சேக்கல் வெள்ளிக்கு ஒரு நிலம் வாங்கினார். பகைவர் பிடிக்குள் போகும் நிலத்துக்கு முறைப்படி சாட்சிகள் கையொப்பமிட்டனர். நெடுநாள் நிலைக்கும்படி பத்திரம் மண்பாண்டத்தில் வைக்கப்பட்டது. இடிக்க விழித்திருந்தவர் கட்டவும் நடவும் விழித்திருப்பார் என்று அதற்கு முந்தைய அதிகாரத்தில் அதே எபிரேய வினை மீண்டும் வருகிறது.

நகரம் வீழ்ந்தது. எரேமியா எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்த நிலத்தில் அவர் பயிரிட்டதாக எங்கும் குறிப்பில்லை. ஆனால் சிறையிருப்பிலிருந்து திரும்பியோரின் பட்டியலை எஸ்றா நூல் தரும்போது, ஆனதோத் ஊரார் 128 பேர் என்று ஒரு வரி இடம்பெறுகிறது.

கிறிஸ்துவின் உயிர்ப்பைப் பவுல் ‘முதற்பலன்’ என்று அழைத்ததும் வேளாண் பருவத்தின் சொல்லால்தான். முதற்கதிர் அறுக்கப்படும் நாளில் வயலின் பெரும்பகுதி முற்றாமலே நிற்கும். கிறிஸ்தவ நம்பிக்கை வாழும் காலம் அதுவே: ஒரு கதிர் கைக்கு வந்துவிட்டது, அறுவடை இன்னும் வரவில்லை. துயருற்றவரிடம் வசந்தம் விரைவில் வரும் என்று வாக்களிக்க எவராலும் இயலாது. அவருடன் குளிரில் அமர்ந்து விழித்திருக்க இயலும்.