மூன்று கால் மணி

பிறர் கொண்டுவரும் மருத்துவச் செலவுப் பட்டியல்களைச் சரிபார்த்து, விதிக்கு ஒவ்வாத இனங்களை அடித்துவிடுவது என் பிழைப்பு. டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக இதனைச் செய்து வருகிறேன். அடிக்கும்போது கை நடுங்கியதில்லை. விதி இருக்கிறது, நான் வெறும் எழுத்தன். இந்த நிம்மதியைக் குலைத்தது ஒரு நாய்.

மணி எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே பிறந்தவன். உயர்சாதி நாயன்று, தெருநாய்தான். ஒரு மார்கழி இரவில், குளிர் தாளாமல் அவன் முனகியதைக் கேட்டு என் மகள் சாக்கோடு சுருட்டி உள்ளே கொணர்ந்தாள். அன்று முதல் எங்கள் வீட்டில் தமிழ் மட்டுமே அறிந்த உயிர் அவன் ஒருவனே. பிள்ளைகள் தமக்குள் இந்தியில் பேசிக்கொள்வர். அவனிடம் மட்டும் "வாடா, உட்காருடா" என்பர்.

ஒரு சித்திரை மாலையில் பால் வண்டியொன்று அவன் பின்னங்காலில் ஏறிற்று. தூக்கப் போன என் கையைக் கடித்துவிட்டான். வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவனையும் கடிக்கும் என்பதும், முதலில் துணியால் அதன் வாயைக் கட்டிப் பலகைமேல் கிடத்தித் தூக்கவேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தன. மூன்று ஆட்டோக்காரர்கள் மறுத்தனர். நான்காமவர் தம் துண்டையே இருக்கையில் விரித்தார்.

தொடை எலும்பு இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. மருத்துவர் மூன்று வழிகள் கூறினார். தகடும் திருகாணியும் வைத்து எலும்பைச் சேர்க்க 45,000 ரூபாய். காலை எடுத்துவிட 14,000 ரூபாய். மூன்றாவது, ஊசி போட்டு நிரந்தரமாக உறங்க வைப்பது. அதன் விலையை நான் கேட்கவில்லை.

பயணச் சலுகை முன்பே தீர்ந்துவிட்டிருந்தது. கோடையில் அம்மாவைக் காண மன்னார்குடி செல்லவெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த 18,000 ரூபாய்தான் கையிருப்பு. நாயை விட்டு வானுலகம் புகமாட்டேன் என்ற தருமன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். தருமனிடம் யாரும் செலவுப் பட்டியல் நீட்டவில்லை.

"நாயின் பளுவில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன; பின்னங்கால் ஒன்று போனாலும் ஓடக் கற்றுக்கொள்ளும்" என்றார் மருத்துவர். அது மருத்துவமா, என் சட்டைப்பையைப் பார்த்துச் சொன்ன ஆறுதலா என்று நான் ஆராயவில்லை, அஞ்சினேன். காலை எடுக்கச் சொல்லிக் கையெழுத்திட்டேன். மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஊருக்கு வர இயலாததை அம்மாவிடம் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வாயில்லாப் பிராணிடா அது. நான் எங்கே போயிடப் போறேன்? தீபாவளிக்கு வா" என்றாள்.

கடிபட்ட எனக்கு அரசு மருந்தகத்தில் 0, 3, 7, 14, 28 என நாள் குறித்து ஐந்து ஊசிகள்; ஒரு காசு செலவில்லை. கடித்தவனுக்கு எந்த விதியிலும் இடமில்லை. அதற்காக நான் அரசைக் குறை கூறவில்லை. விதிக்கு வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்பதை மட்டும் முதன்முறையாக அறிந்தேன்.

பத்தாம் நாள் மகள் வாசற்படியில் நின்று "வாடா மணி" என்றாள். அவன் எழுந்தான், சாய்ந்தான், மீண்டும் எழுந்தான். மூன்று காலில் தத்தித் தத்தி அவளிடம் போய்ச் சேர்ந்தான். சிறிது நேரம் கழித்து, "அப்பா, காபி" என்று ஒரு குரல் கேட்டது.

அடுத்த வாரம் கடைநிலை ஊழியர் ஒருவரின் பட்டியல் என் மேசைக்கு வந்தது. மனைவியின் சிகிச்சைச் செலவு. அதில் 2,300 ரூபாய் விதிப்படி ஏற்கத் தகாதது. அடித்தேன். ஆனால் முன்போலக் கோப்பை மூடிவிடவில்லை. அவரை அழைத்து எதிரே அமரச் செய்து, எந்தச் சான்றிதழ் கொணர்ந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இருபது ஆண்டுகளில் அந்த நாற்காலியில் யாரையும் அமரச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.