வெண்பா வீட்டு இட்லி

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே எனக்கு ஆகாது. டப்டப்பென்று சுடுவதும், தட்டில் சாப்பாடு ஆறிப்போவதும்தான் நான் கண்டது. போன மே மாதம் கோயமுத்தூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்த மகன், "அம்மா, இங்கே வாயேன், இட்லி ஊத்தணும்" என்று கூப்பிட்டான். அடுப்படியில் நிற்கிறானோ என்று ஓடினால், லாப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்!

விளையாட்டின் பெயர் 'வெண்பா'. கனடாவில் டொரான்டோ நகரத்து 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் குழு செய்து, 2023 ஜூலையில் வெளியிட்டது. வெண்பாவும் கணவன் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடியேறியவர்கள். கதை 1988-ல் தொடங்குகிறது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிற நேரத்தில் அவள் உண்டாகியிருக்கிறாள். பிறக்கிற மகன் கவின்.

வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் நோட்டு இருக்கிறது. பக்கம் கிழிந்து, மை அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். சண்டை போடுகிற வேலையே கிடையாது. (அப்பாடா!)

என் பிள்ளை இட்லித் தட்டை அடுக்கி அடுக்கிப் பார்க்கிறான், வேகவில்லை. "குழிக்கு மேலே குழி வராம மாத்தி வைடா, ஆவி எப்படிப் போகும்?" என்றேன். வெந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இதை உருவாக்கிய அபி என்பவரும் தமிழர்தான். வெளிநாட்டுக் குடும்பக் கதை என்றால் பிள்ளைகள் கண்ணால்தான் சொல்கிறார்கள், பெற்றவர்கள் பக்கம் நின்று சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணமாம். சமைக்கும்போது ரேடியோவில் ஓடும் பாட்டுகளைக்கூட அந்தந்தக் காலத்து சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா, முதல் படைப்புக்கான பரிசை இதற்குக் கொடுத்தது.

கவின் வளர வளர, அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கனடாவுக்குப் போகாமலே என் வீட்டிலும் அதே கதைதானே! குன்னூரில் இங்கிலீஷ் பள்ளியில் போட்டது நாங்கள்தான். பேசுவான், படிக்க வராது.

என் அம்மாவின் நோட்டும் என்னிடம் உண்டு. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஆடி மழை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்டது. மிச்சம் இருப்பதையும் நான் போன பிறகு யார் படிப்பது? அம்மா திருச்சிக்காரி. மாவு கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கும் என்று எழுதியிருக்கிறாள். இந்த மலையில் அது நடக்காது. புளிக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்குச் சூடு வேண்டும். நான் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையில் வைப்பேன். அது நோட்டில் இல்லை, என் கையில்தான் இருக்கிறது.

ஒன்றரை மணியில் விளையாட்டு முடிந்துவிட்டது. அவன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, "பாட்டி நோட்டு எங்கேம்மா?" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து எழுத்துக்கூட்டினான். "அ... ரை... ப்ப... டி. அப்படின்னா, அரைச்ச படியா?"

சிரித்துவிட்டேன். பரணிலிருந்து பாட்டியின் படியை இறக்கி, பாதி வரைக்கும் உளுந்தைக் கொட்டிக் காட்டினேன். "இதுதான்டா அரைப்படி." பேனாவை எடுத்து நோட்டின் ஓரத்தில் 'கம்பளி' என்று எழுதச் சொன்னேன். ளகரத்துக்கு லகரம் போட்டான். திருத்தினேன்.

அன்று ராத்திரி அவனே மாவைக் கரைத்துக் கம்பளி சுற்றினான். மறுநாள் சாயங்காலம்தான் பொங்கிற்று.