நாளை அம்மாவின் ஓட்டம்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“சிறுதுளி பெருவெள்ளம்” என்பது நம் முன்னோர் வாக்கு. இந்தப் பழமொழியை எத்தனையோ கட்டுரைகளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது, சென்ற மாதம் என் அம்மாவின் காலணிக் கயிற்றை அவிழ்த்தபோதுதான்.

அம்மாவுக்கு வயது 46. வங்கியில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்பதாக மருத்துவர் எச்சரித்தார். அதே நோயால் பாட்டி ஒரு காலை இழந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அம்மா. மறுநாளே நடக்கத் தொடங்கினார்கள். நடை மெல்ல ஓட்டமாயிற்று. முதலில் தெருமுனையை எட்டுவதற்குள் மூச்சு வாங்கியது. பிறகு 5 கிலோமீட்டர், 10, 21 என்று வளர்ந்து, நாளை ஞாயிற்றுக்கிழமை சென்னை மாரத்தானில் முழுத் தூரமான 42.195 கிலோமீட்டரையும் ஓடப் போகிறார்கள்.

தோழியரே, பெருமை பேசுவதற்கு முன் நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை நாங்கள் பள்ளிப் பேருந்துக்காகக் காத்திருந்தோம். அம்மா டிராக் பேண்டும் டி-ஷர்ட்டும் அணிந்து, வியர்வை வழிய அந்த வழியே ஓடி வந்து, என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். “உங்க அம்மாவை நாய் துரத்துதா?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை, “இனிமே அந்தப் பக்கம் ஓடாதீங்கம்மா, எனக்கு வெட்கமா இருக்கு” என்று சொல்லிவிட்டேன். “சரிம்மா” என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் அதிகாலை நான்கு மணிக்கே அம்மா கிளம்பிவிடுவார்கள். வெயிலுக்குப் பயந்துதான் என்று நினைத்தேன். சில மாதங்கள் கழித்து, இருட்டில் ஒரு பள்ளத்தில் கால் இடறி விழுந்து, முழங்காலில் இரத்தத்தோடு வந்தார்கள். அப்பா மருந்து போட்டுக்கொண்டே, “வெளிச்சம் வந்தப்புறம் ஓடினா என்ன?” என்று கடிந்துகொண்டார்கள். “பிள்ளைக்குக் கூச்சமா இருக்குங்க” என்று அம்மா மெல்லச் சொன்னது, கதவருகே நின்ற என் காதில் விழுந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் நூலகத்தில் மாரத்தானைப் பற்றித் தேடிப் படித்தேன். 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காத்ரின் ஸ்விட்சர் என்ற பெண் 261 என்ற எண்ணை அணிந்து ஓடினார். பெண் ஓடுவதைக் கண்ட போட்டி அதிகாரி ஒருவர், பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்க முயன்றார். ஆயினும் அவர் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். 1972-இல்தான் பாஸ்டனில் பெண்களுக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வருவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்த அதிகாரியின் மேல் கோபம் வந்தது. அடுத்த நொடியே என் முகம் சுருங்கிப் போயிற்று. என் அம்மாவிடம் நானும் அதைத்தானே செய்தேன்?

மூன்று வாரங்களுக்கு முன் அம்மா மெரினா வரை சென்று திரும்பி, 32 கிலோமீட்டர் ஓடி முடித்தார்கள். பயிற்சியிலேயே மிக நீண்ட ஓட்டம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் குனிய முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான்தான் காலணியைக் கழற்றினேன். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. 18 வாரங்களின் சிறுதுளிகள் அந்த நகத்தில் தெரிந்தன.

அன்று முதல் ஓடும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். “இப்பத்தானே அதிகமா ஓடணும்?” என்று கேட்டேன். “சேர்க்க வேண்டியதைச் சேர்த்தாச்சு. கடைசி வாரம் ஓடினா பலம் கூடாது, களைப்புதான் கூடும்” என்றார்கள். தசைகளும் கல்லீரலும் சர்க்கரையைச் சேமித்து வைக்கின்றன. 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது பலருக்கு அந்தச் சேமிப்பு தீர்ந்து, கால்கள் நகர மறுக்கின்றன. ஆகவேதான் கடைசி நாட்களில் ஓய்வும், வயிற்றுக்குப் பழகிய சோறும் இட்லியும். விடிய விடியப் படித்துவிட்டுத் தேர்வுக்கூடத்தில் தூங்கி வழியும் நமக்கும் இது நல்ல பாடமல்லவா?

இதோ, இப்போது மேசைமேல் எல்லாம் தயாராக இருக்கின்றன. போட்டி எண், நான்கு ஊக்குகள், பேரீச்சம்பழம், உரசும் இடங்களில் தடவ வாசலின். காலணி பழையதுதான்; புதியது கொப்புளம் போடுமாம். விடியுமுன் நேப்பியர் பாலத்தருகே ஓட்டம் தொடங்குவதால், கடிகாரத்தில் இரண்டு மணிக்கு அலாரம் வைத்தாயிற்று. அப்பாவும் நானும் 32-ஆவது கிலோமீட்டரில் வாழைப்பழத்தோடு நிற்போம்.

“முடிக்க முடியாமப் போச்சுன்னா?” என்று நேற்றிரவு அம்மா கேட்டார்கள். அம்மா பயந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. “அப்பவும் நான் அங்கேதான் நிப்பேன்மா” என்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று முன்தினம் அம்மாவின் கடைசிப் பயிற்சி, 5 கிலோமீட்டர்தான். “எங்க பஸ் ஸ்டாப் வழியா ஏழு மணிக்கு ஓடி வாங்கம்மா” என்று நானே வேண்டிக் கேட்டுக்கொண்டேன். வந்தார்கள். இம்முறை முதலில் கையசைத்தது நான். அன்று கேலி செய்த அதே தோழி, “எத்தனை கிலோமீட்டர் ஓடப் போறாங்க?” என்று கேட்டாள். “நாற்பத்திரண்டு!” என்று தெருவே கேட்கும்படி சொன்னேன்.

இம்மலர் உங்கள் கைகளில் தவழும்போது ஓட்டம் முடிந்திருக்கும். முடிவு எதுவாயினும், நாளை விடியுமுன் அம்மாவின் சட்டையில் அந்த எண்ணை ஊக்குக் குத்திப் பொருத்தப் போவது நான்தான்.