அரசனின் சட்டைப்பையில் கணக்கு

பாரிஸ்

அன்புள்ள தம்பி,

வாடிக்கையாளர் எல்லோர் முன்னும் உன்னைப் பாராட்டிய நாளிலிருந்து மேலாளர் உன்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். "கொஞ்சம் அடங்கிப் போ" என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்களாம். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் வோ-லெ-விகோம்த் என்றொரு மாளிகை இருக்கிறது. கட்டியவர் நிக்கோலா ஃபூக்கே, பதினான்காம் லூயியின் நிதிப் பொறுப்பாளர். 1661 ஆகஸ்ட் 17 அன்று அரசனுக்கு அங்கே விருந்து வைத்தார். மோலியேரின் புது நாடகம், நீரூற்றுகள், வாணவேடிக்கை! செப்டம்பர் 5, லூயியின் பிறந்தநாள். அன்றே நாந்த் நகரில் ஃபூக்கே கைதானார். 1680இல் சிறையிலேயே இறந்தார். மேலதிகாரியை மிஞ்சாதே என்று புத்தி சொல்பவர்கள் இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள்.

ஆனால் விருந்துக்கு முன்பே, மே மாதத்திலேயே, அவரை வீழ்த்த லூயி முடிவெடுத்துவிட்டார். சின்ன வயதில் கலகத்துக்கு அஞ்சி இரவோடு இரவாகப் பாரிஸை விட்டு ஓடிய பிள்ளை அவர். 1661 மார்ச்சில் முதலமைச்சர் மசாரென் இறந்ததும், இனி நானே ஆள்வேன் என்று அறிவித்தபோது வயது 22. கஜானாவின் உண்மை நிலை அவருக்குத் தெரியாது, தெரிந்தவர் ஃபூக்கே. அவரோ பெல்-ஈல் தீவை வாங்கிக் கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் எவ்வளவு தடபுடலாக விருந்து வைத்தாலும் அரசனின் பயம் தணியுமா?

அவருக்குப் பின் நிதியைக் கையில் எடுத்த கோல்பேரைப் பார். அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஃபூக்கேயைக் கவிழ்த்ததில் அவர் கை உண்டு. ஆனால் தன் திறமையை அவர் ஒளிக்கவே இல்லை. நாட்டின் வரவுசெலவைச் சுருக்கி, சட்டைப்பையில் அடங்கும் சின்னக் குறிப்பேடுகளாக எழுதவைத்து அரசனிடம் கொடுத்தார். 1683இல் சாகும்வரை பதவியில் இருந்தார். தனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்ற எண்ணந்தான் மேலே இருப்பவர் தூக்கத்தைக் கெடுக்கிறது, தம்பி.

உன் மேலாளருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவர் கேட்கும் கேள்விக்கு இவர் விழிக்க, பதில் உன்னிடம் மட்டும் இருந்தால் இவர் பாடு என்ன? வாடிக்கையாளர் உனக்கு நேராக மெயில் அனுப்பினால் அன்றைக்கே மேலாளரிடம் சொல்லிவிடு. அவர் கணக்கில் பிழை கண்டால் கூட்டத்தில் எழுப்பாதே. முதல் நாளே தனியாகப் போய்க் காட்டு. ஆனால் உன் வேலையில் உன் பெயர் இருக்கட்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. இவ்வளவுக்குப் பிறகும் குழி பறித்தால் வேறு குழுவுக்கு மாற்றல் கேள். முன்பே முடிவுகட்டிவிட்டவரிடம் எந்தப் பணிவும் எடுபடாது.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கான எண்களைப் புதன் மாலையே அவர் மேசைக்குக் கொண்டுபோ. என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்