பாட்டி நெற்றியில் பொட்டு

என் பிறந்த வீடு கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே, அண்ணாகிராமத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு பலா மரம். அந்தப் பக்கத்தில் பலா மரம் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நான் சொல்லப் போகிற விஷயத்தில் அதற்கும் பங்கு உண்டு.

2015-ம் வருஷம் தீபாவளிக்கு முதல் நாள், நவம்பர் 9-ந் தேதி, கடலூர் ஜில்லாவில் கொட்டிய மழையை எப்படி மறக்க முடியும்? நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் வீட்டோடு மனிதர்களையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. டிசம்பர் பிறந்ததும் சென்னையும் மூழ்கியது. என் வீட்டுக் கூடத்தில் வடிந்த சேற்றைக் கழுவித் தள்ளிவிட்டுத் தாயாரைப் பார்க்க ஊருக்கு ஓடினேன்.

அண்ணாவின் பெண் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சில் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. நான் போய் உட்கார்ந்ததும் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். பின்புறத்தில் படம்.

அந்த நாட்களில் பத்திரிகைகளில் அடிபட்ட சமாசாரம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கிருந்தோ நல்ல மனிதர்கள் லாரியில் கொண்டுவந்த அரிசி, பிரெட் பொட்டலங்களின் மேல், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் படத்தைக் கட்சிக்காரர்கள் ஸ்டிக்கராக ஒட்டுகிறார்கள் என்று புகார். 'பாகுபலி' படத்து ராஜமாதாவைப் போல, வெள்ளத்துக்கு மேலே குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடி அவரை வரைந்து ஒரு பானர்கூட வைத்தார்கள். (எங்கள் வீட்டுக்கு வந்த பொட்டலத்தில் யார் படமும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

படத்தில் எங்கள் பலா மரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. காய்க்குக் காய் ஒரு ஸ்டிக்கர். கிளையில் உட்கார்ந்திருந்த காக்காயின் அலகில் ஒன்று. திண்ணையில் குந்தியிருந்த பாட்டியின் நெற்றியில், பொட்டு இருக்க வேண்டிய இடத்தில், ஒன்று!

என் தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். எனக்குப் பகீரென்றது. அப்பா போய் முப்பது வருஷம். "பரவாயில்லையே, இத்தனை வருஷம் கழிச்சு எனக்குப் பொட்டு வெச்சுவிட்டிருக்காங்களே!" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். வெள்ளம் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அன்றுதான் என்று அண்ணி பிறகு சொன்னாள்.

ஸ்டிக்கர்களில் முகம் இல்லை. வெறும் வட்டம், அதற்குள் ஒரு புன்னகை மட்டும். "யாரடி இது?" என்றேன்.

"யாருன்னு போடலை, அத்தை. ஆட்சி மாறினா மறுபடி வரையணும் இல்ல?"

அந்த வருஷம் மே மாதந்தான் சுப்ரீம் கோர்ட்டு, சர்க்கார் விளம்பரங்களில் ஜனாதிபதி, பிரதமர், தலைமை நீதிபதி தவிர வேறு யார் படமும் கூடாது என்று சொல்லியிருந்தது. அடுத்த மார்ச்சில் முதல் மந்திரிகளும் மந்திரிகளும் விளம்பரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். கோர்ட்டுக்கே நிலைக்காத காரியத்தை இவள் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு செய்திருந்தாள்.

"வாட்ஸப்பில் போடட்டுமா, அத்தை?"

"வேண்டாம். கிழித்துப் போடு."

சட்டென்று சொல்லிவிட்டேன். ஒரு மாதத்துக்கு முன்புதான், சாராயக் கடையை மூடச் சொல்லிப் பாடிய கோவனைத் திருச்சியில் ராஜத் துரோக வழக்குப் போட்டுக் கைது செய்திருந்தார்கள். அண்ணாவோ பஞ்சாயத்துக் காண்டிராக்டு எடுக்கிறவர். 1948-ல் சங்கரின் கார்ட்டூன் பத்திரிகையைத் தொடங்கிவைத்த நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னாராம். எல்லோரும் நேரு ஆகிவிடுவார்களா? 1987-ல் அட்டையில் ஒரு ஜோக் போட்டதற்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்ததே! சில நாட்களில் விட்டுவிட்டார்கள் என்றாலும் சிறை சிறைதானே? அந்த அட்டையை இதே திண்ணையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தவள்தான் நான். அப்போது சிரித்தவளுக்கு இப்போது பயம்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். என் தாயார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே என் செல்போனில் அதே ஜாதிக் கேலிப் படங்கள் வந்து குவிந்தன. கண்டதற்கெல்லாம் ஸ்டிக்கர்! ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் படம் மட்டும் சாம்பல். இரண்டு வருஷம் கழித்து, 2017 நவம்பரில், கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தபோது, "பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே?" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை.

தாயார் இப்போது இல்லை. அண்ணா பெண் புதுச்சேரியில் வேலை பார்க்கிறாள். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, "இப்பவும் படம் போடுகிறாயா?" என்று கேட்டேன்.

"கோலம் மட்டுந்தான், அத்தை."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பலா மரத்தை எனக்கு ஒரு தடவை வரைந்து கொடேன், பாட்டியோடு" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "முகத்தை இப்பவும் காலியாவே விடட்டுமா?" என்று கேட்டாள்.