சாவைச் சொல்லி விற்றேன்

ஜாய் டிவிஷன் குழுவின் முதல் ஆல்பமான ‘அன்நோன் ப்ளெஷர்ஸ்’ஸைப் பல வருடங்கள் நான் ஓர் இழவுச் செய்தியாகத்தான் கேட்டேன். யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், பாட்டைப் போடும் முன்பே, பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று 23 வயதில் தற்கொலை செய்துகொண்டதைச் சொல்லிவிடுவேன். கேட்பவர் முகம் மாறும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. செத்தவர் செலவில் நான் ஆழமான ரசிகனாகிக்கொண்டிருந்தேன்.

அந்த இசைத்தட்டு வந்தது 1979 ஜூனில். அவர் உயிரோடு மேடையேறிக்கொண்டிருந்த காலம். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் ஒலிப்பதிவு நடந்தபோது, தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிஜிட்டல் டிலே கருவியை வைத்து டிரம்ஸ் அடிகளைச் சுற்றி ஒரு வெறுமையை உண்டாக்கினார். மேடையில் முரட்டுத்தனமாக வாசித்துப் பழகிய குழுவினரான பீட்டர் ஹூக்குக்கும் பெர்னார்ட் சம்னருக்கும் அது பிடிக்கவேயில்லை. சம்னரின் கிட்டார் சத்தத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்காததால், ஹூக் பாஸ் கிட்டாரில் மேல் ஸ்தாயிக்குப் போனார். மெட்டே பாஸுக்கு வந்துவிட்டது. 2002இல் வந்த இன்டர்போல் குழுவின் முதல் ஆல்பத்திலும் விமர்சகர்கள் இந்தச் சாயலைக் கண்டார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லமாட்டேன். சாவுக்குத்தான் கிராக்கி.

இதைவிடக் கேவலம் அதே ஆல்பத்தின் ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாட்டுக்கு நான் செய்தது. கர்ட்டிஸுக்கு வலிப்புநோய் இருந்ததால், அது அவருடைய சொந்தக் கதை என்று அடித்துச் சொல்வேன். மேக்கிள்ஸ்ஃபீல்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித்தரும் பணியில் இருந்தவர் அவர். அங்கே வந்துபோன, வலிப்புநோய் இருந்த ஓர் இளம்பெண் பிறகு இறந்துவிட்டாள். அவளிடமிருந்து பிறந்த பாட்டு அது. அவர் அடுத்தவர் வலியைக் கவனித்தவர். நானோ அந்தப் பெண்ணை அழித்துவிட்டு, பாட்டை அவருடைய மரண முன்னறிவிப்பாக்கினேன். உண்மையைப் படித்த பிறகும் பழைய கதையையே சொன்னேன். அதில்தான் கேட்பவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

கர்ட்டிஸுக்குப் பிறகு ஹூக்கும் சம்னரும் டிரம்மர் ஸ்டீபன் மோரிஸும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 1983இல் அவர்களுடைய ‘ப்ளூ மண்டே’ நடனக்கூடங்களை ஆட்டிவைத்தது. என் கதையில் இவர்களுக்கு ஒரு வரிகூட நான் ஒதுக்கவில்லை. அவர்கள் செய்த குற்றம், சாகாமல் இருந்ததுதான்.